பச்சமுத்துவுக்கு ஓர் உத்தரவு

உத்திரமேரூர்,
கார்த்திகை 14.

அன்பு மகள் ஜெயப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், அங்கே லே குளிரில் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி பார்க்கிற உன் உடம்பு எப்படித் தாங்குகிறது என்று நாலு வரி எழுது. அம்மாவின் முழங்கால் வலி மழை விட்டதும் கொஞ்சம் குறைந்திருக்கிறது, நீ அனுப்பிய எண்ணெயைத் தேய்க்கிறாள், தேய்த்துவிட்டு அந்த வாசனைக்காக உன்னைத் திட்டுகிறாள். ஏரி இந்த வருஷம் நிரம்பிக் கலங்கல் வழிகிற மட்டத்துக்கு வந்துவிட்டது, கீழ்ப்பக்க நடவெல்லாம் தண்ணீரில் நிற்கிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லிவிடலாம், கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது சித்தப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டாய், நன்றாக இருக்கிறான், படுத்திருக்கிறான் என்றேன். படுத்திருந்தது மட்டும்தான் உண்மை. அவன் நன்றாக இல்லை ஜெயா. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், எழுதி எழுதிக் கிழித்துப் போட்டது இதோடு சேர்த்து எத்தனை தாள் என்று அம்மாவைக் கேட்டால் சொல்வாள். எதை முதலில் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று எனக்குத் தெளிவு வரவில்லை, அதனால் நடந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன், நீ பொறுமையாகக் கடைசி வரை படி.

தீபாவளிக்கு முன்னால் இங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் முன்னாள் படைவீரர்களுக்கு இலவச ஆலோசனை முகாம் என்று நடத்தினார்கள். பேனரில் மூவர்ணப் பட்டை இருந்தது, துப்பாக்கிப் படம் இருந்தது, எந்த அலுவலகத்தின் பெயரும் இல்லை. இது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது, அன்று நானும் அவனோடு போய் அந்தப் பேனருக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தேன். பிரியாணி போட்டார்கள், ஊனப் பென்ஷனில் சதவீதம் குறைத்துப் போட்டிருந்தால் உயர்த்தி வாங்கித் தருவோம் என்று ஒருவர் மைக்கில் பேசினார், வந்தவர்கள் எல்லோரிடமும் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பென்ஷன் உத்தரவையும் வாங்கி ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார்கள். உன் சித்தப்பாவின் காது விஷயம் உனக்குத் தெரியும். பீரங்கிப் பக்கத்திலேயே நின்று நின்று வலது காது சுத்தமாகப் போனது, இடது காது மெஷின் வைத்தும் அரைகுறை. அவனுக்குப் பென்ஷன் குறைவு என்பதைவிடக் காகிதத்தில் குறைத்து எழுதிவிட்டார்களே என்பதுதான் வருஷக்கணக்கான ஆற்றாமை. "போனது முழு காது, எழுதனது அரை காது" என்று கல்யாண வீட்டிலும் சொல்வான், சாவு வீட்டிலும் சொல்வான். அந்த ஆற்றாமையைத்தான் அவர்கள் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

அடைமழை சமயத்தில் ஒரு நாள் அவனுக்குப் போன் வந்தது. போனில் வரும் குரல் அவனுக்குப் பிடிபடாது, மெஷின் கீச்சென்று கத்தும், அதனால் அவனுக்கு வருகிற போனையெல்லாம் நான்தான் கேட்டு அவன் இடது காதுக்குப் பக்கத்தில் திருப்பிச் சொல்வேன், அவன் நேராகப் போனில் பதில் பேசுவான். இது பல வருஷத்துப் பழக்கம், நீயே பார்த்திருக்கிறாய். அன்று வந்த குரல் இந்தியில் பேசியது. எனக்கு இந்தி ஒரு சொல் தெரியாது. என்னிடம் கொடுத்ததை அப்படியே திருப்பிச் சொல்ல மட்டும் தெரியும், சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த காலமெல்லாம் பத்திரங்களை எழுத்துப் பிசகாமல் உரக்கப் படித்துக் காட்டிய வாய் இது, யாருடைய நிலம் யாருக்குப் போகிறது என்று மனதில் வாங்காமலே படிப்பேன். அப்படித்தான் அன்றும் சத்தம் சத்தமாக வாங்கி அவன் காதில் போட்டேன். முதலில் அவனுடைய ஆர்மி நம்பர், பிறகு ஹவில்தார், பிறகு அவன் பெயர், பிறகு அவன் ரெஜிமென்ட். நான் சொல்லச் சொல்ல உட்கார்ந்திருந்தவன் எழுந்துவிட்டான். "இரு அண்ணே" என்று உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, குதிகாலைச் சேர்த்து விறைப்பாக நின்றான். ரிட்டயர் ஆனபின் அவனை யாரும் அந்த வரிசையில் கூப்பிட்டதில்லை. ஊரில் அவன் பெயர் செவுட்டு மிலிட்டரி, அதுவும் உனக்குத் தெரியும். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நானும் சந்தோஷமாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் குடும்பத்தைப் பற்றி ஏதோ கேட்டிருக்க வேண்டும், இவன் சொன்ன பதிலில் உன் பெயரும் கேப்டன் என்ற சொல்லும் மட்டும் எனக்குப் புரிந்தது, சொல்லும்போது அவன் குரல் உயர்ந்தது.

அப்புறம் அவன் போனில் ஒரு நம்பர் வந்தது, கண்ணாடி இல்லை, அதை இங்கிலீஷில் படித்துச் சொல்லு என்றான். அந்த மெசேஜிலேயே இதை யாரிடமும் சொல்லாதே என்று போட்டிருந்தது. அதைக் காட்டி, பச்சமுத்து, சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கேடா என்றேன். "இன்னா அண்ணே நீ, மிலிட்டரி ரெக்கார்டு ஆபீசே கேக்குது, குறுக்க பேசிக்கினு கீற, பெரிய அதிகாரி லைன்ல கீறாரு" என்று அதட்டினான். எனக்குச் சந்தேகம் வந்தது நிஜம், ஆனால் என் சந்தேகம் என்றைக்குச் சரியாக இருந்திருக்கிறது, மிலிட்டரி நடைமுறை எனக்கென்ன தெரியும், அதிகாரி காத்திருக்கிறாரே என்று படித்துச் சொல்லிவிட்டேன். அவன் கணக்கில் இருந்ததெல்லாம் போனது அந்த நம்பரில்தான். எவ்வளவு என்று எழுதவில்லை, அது முக்கியமும் இல்லை.

முக்கியமானது அதற்கு அடுத்தது. மறுநாளிலிருந்து தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போன் வர ஆரம்பித்தது. குரல் வேறு, இது கறாரான குரல். அவன் சட்டை போட்டுக்கொண்டு தயாராக நிற்பான், நான் கேட்டுக் கேட்டு அவன் காதில் சொல்வேன், அவன் "ஜி சாப், ஜி சாப்" என்பான். இரண்டாம் நாளே நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, துடைக்கக் கையை எடுக்கவில்லை, விறைப்பாக நின்றான். என்னடா சொல்கிறார்கள் என்று கேட்டால் "ஆபீஸ் விஷயம், உனக்கு எதுக்கு" என்பான். சாப்பாடு குறைந்தது, டீக்கடைக்குப் போவது நின்றது. நானும் தினமும் போய் என் வேலையைச் செய்துவிட்டு வந்தேன்.

உன் சித்தி மலர்க்கொடி ஒரு நாள் மத்தியானம் வந்து அம்மாவிடம் அழுதாள். அவள் தாலிச் சங்கிலியை இவன் வாங்கிக்கொண்டு போய் அடகு வைத்திருக்கிறான். எதற்கு என்று கேட்டதற்கு என்கொயரி முடிந்ததும் திரும்பி வந்துவிடும் என்றானாம். "இன்னா என்கொயரி மாமா, இவுரு இன்னா கொலையா பண்ணாரு? நீங்கதான தெனம் பக்கத்துல நின்னு பேசிக்கினு கீறீங்க, உங்களுக்குத் தெரியாதா?" என்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொன்னால் அவள் எப்படி நம்புவாள். அன்று சாயங்காலம் போனில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தது, அதைத் திருப்பிச் சொல்லும்போதே மனதில் பதித்துக்கொண்டேன். உஸ் லட்கீ கீ நௌக்ரீ பீ ஜாயேகீ. உனக்கு இப்போதே புரிந்திருக்கும். எனக்குப் புரிய மறுநாள் ஆனது. பஸ் நிலையத்துக்கு எதிரே டைல்ஸ் கடையில் கல் அறுக்கிற பீகார்காரர் ஒருவர் இருக்கிறார், நம் வீட்டுக் குளியலறைக்குக் கல் பதித்தவர், என் வயதில் பாதி இருக்கும், பிள்ளைகுட்டிக்காரர். கடை வாசலில் நின்று திரும்பிவிட்டேன், மறுபடி போனேன், மறுபடி திரும்பினேன், அவரே பார்த்துவிட்டு மெஷினை நிறுத்திவிட்டு வந்தார். நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன், முன்னும் பின்னும் நினைவிருந்ததையும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "ஐயா, இது யார் உங்கள்கிட்ட பேசுறான்? அந்தப் பொண்ணு வேலையும் போயிடும் சொல்றான். நீ காது பொய் சொல்லி கவர்மென்ட் காசு தின்னான், ஜெயில்ல போடுவேன், வீட்டை விட்டு வெளிய போகாதே, யார்கிட்டயும் சொல்லாதே, சொன்னா அந்தப் பொண்ணு யூனிஃபார்ம் கழட்டுவேன் சொல்றான். இது ஆர்மி இல்ல ஐயா. எங்க அண்ணன் ஆர்மி. ஆர்மி திட்டும், இப்படி பேசாது. இது திருடன்" என்றார். அவர் கொடுத்த தண்ணீரைக் குடிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் தம்பி காதில் வாயை வைத்து அவனை மிரட்டியது நான்தான் ஜெயா, உன்னைச் சொல்லி மிரட்டியதும் நான்தான், வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமல், ஒரு எழுத்துக்கூட விடாமல்.

அன்று சாயங்காலம் போன் அடித்தபோது நான் திருப்பிச் சொல்லவில்லை. அவன் காதில் தமிழில் சொன்னேன், இது திருடன்டா, போனை வை என்று. அவன் என்னை ஒரு தள்ளு தள்ளினான், கதவில் தோள் இடித்தது, பயப்படாதே, வீக்கம் வடிந்துவிட்டது. போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டான். பழக்கத்தில் வலது கையில் வாங்கி வலது காதில் வைத்தான், ஒன்றும் கேட்காத காதில். அப்படியே நின்று "ஜி சாப், ஜி சாப்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். எதிர்ப்பக்கம் எப்போதோ வைத்துவிட்டார்கள், எனக்குத் தெரிந்தது, அவனுக்குத் தெரியவில்லை. மலர்க்கொடிதான் அவன் கையிலிருந்து போனை மெதுவாக எடுத்தாள். எடுத்து அணைத்து அரிசி டிரம்முக்குள் போட்டுவிட்டாள், இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அதற்குப் பிறகு என்னால் ஆனதைச் செய்தேன், போதுமா என்று தெரியவில்லை. மலர்க்கொடியோடு பாங்குக்குப் போய் இனிமேல் பணம் போகாமல் நிறுத்தி வைத்தோம். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற நம்பருக்குப் போன் செய்து சொன்னோம். காவல் நிலையத்தில் ஒரு பெண் எஸ்.ஐ. மரியாதையாக உட்காரவைத்துக் கேட்டார், விசாரணைக்கு அவர் வாக்குமூலம் வேண்டும், அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், தள்ளிப்போடத் தள்ளிப்போடப் பணம் கைமாறிப் போய்விடும் என்றார். காஞ்சிபுரத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் போனேன். சதவீதம் என்பது மருத்துவக் குழு பார்த்துப் போடுவது, போனில் யாரும் ஏற்றவும் முடியாது இறக்கவும் முடியாது, உங்கள் தம்பி மேல் எந்த வழக்கும் இல்லை, பென்ஷன் பத்திரமாக இருக்கிறது என்று பார்த்துச் சொன்னார்கள். நான் ஓடி வந்து அவன் காதில் சொன்னேன். "நீ பத்திர ஆபீஸ் குமாஸ்தா, உனுக்கு மிலிட்டரி இன்னா தெரியும்? நான் வாயத் தொறந்தா பொண்ணுக்கு ஆபத்து, போ அண்ணே, பேஜார் பண்ணாத" என்றான். சொல்லிவிட்டுக் காது மெஷினைக் கழற்றி மாடத்தில் வைத்துவிட்டான். இப்போது யார் பேசினாலும் அவனுக்கு ஒன்றும் இல்லை.

மாகறல் தாண்டவராயனை உனக்கு நினைவிருக்கும், கண்ணிவெடியில் கால் போனவர், சித்தப்பாவோடு சேர்ந்து ஆள்தேர்வுக்குப் போனவர். முகாமில் அவரும் ஜெராக்ஸ் கொடுத்திருந்தார், எனவே பஸ் ஏறிப் போய் அவரை எச்சரித்தேன். அவர் சிரித்துவிட்டார். "எனக்கும்தான் வந்துச்சு போனு. சதவீதத்த ஏத்தறேன்னான். ஏத்து ராஜா, ஆனா போன காலு திரும்பி மொளச்சிக்கினு வருது, கொறச்சிட மாட்டியேன்னேன். வெச்சிட்டான்" என்றார். சித்தப்பா நிலைமையைச் சொன்னதும் சிரிப்பு நின்றது, அப்போதே கட்டைக்காலோடு என்கூட பஸ்ஸில் வந்தார். இவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவர் வெகுநேரம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, போகும்போது என்னிடம் சொன்னார், "நான் சொன்னா கேக்க மாட்டான் சார். அவனும் ஹவில்தார், நானும் ஹவில்தார். மேல இருந்து வந்த உத்தரவு, மேல இருந்துதான் ரத்தாவணும். உங்க வூட்லயே ஒரு ஆபீசர் கீதே."

அவர் சொன்னதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். நீ முதல் லீவில் வந்தபோது அவன் வாசலில் நின்று உனக்கு சல்யூட் அடித்தான், நாமெல்லாம் சிரித்தோம், நீ வெட்கப்பட்டு சித்தப்பா கையைப் பிடித்து இறக்கினாய். அன்றிலிருந்து உன்னை மேடம் என்றுதான் சொல்கிறான். அது விளையாட்டு என்று நான் நினைத்திருந்தேன், அவனுக்கு அது விளையாட்டு இல்லை. ஜெயா, நீ அவனுக்கு ஓர் உத்தரவு எழுத வேண்டும். போனில் வேண்டாம், போனில் வருகிற எந்தக் குரலையும் இந்த வீட்டில் இனி யாரும் நம்ப முடியாது, அவனுக்குக் கேட்கவும் கேட்காது. காகிதத்தில், இந்தியில், அவன் ஆர்மி நம்பர், ரேங்க், பெயர் அந்த வரிசையில் போட்டு எழுது. உன் பதவிக்கு எந்த ஆபத்தும் இல்லை, பேசியவர்கள் ராணுவம் இல்லை என்று முதல் வரியிலேயே எழுது. உடனே காவல் நிலையத்தில் ஆஜராகி நடந்ததை எழுதிக்கொடுக்க வேண்டும் என்று எழுது. காது மெஷினை மாட்ட வேண்டும், சாப்பிட வேண்டும் என்றும் எழுது. கீழே உன் ரேங்க் போட்டுக் கையெழுத்து போடு.

இப்படி எழுதுவது உன் வேலை விதிகளுக்கு ஒத்து வருமா என்று எனக்குத் தெரியாது. அந்தத் திருடர்கள் செய்ததைத்தானே நானும் செய்யச் சொல்கிறேன், அதிகாரத்தைக் காட்டி அவனை ஆட்டிவைக்கத்தானே கேட்கிறேன் என்று மனது உறுத்துகிறது. அவர்கள் சொன்னது பொய், நீ எழுதப்போவது உண்மை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். உனக்குச் சரியில்லை என்று பட்டால் ரேங்க் போடாதே, வீட்டுப் பெண்ணாகவே எழுது, ஆனால் எழுது. அவசரம் ஏன் என்றால், வயலுக்கு அடிக்கிற மருந்து டப்பாவை மலர்க்கொடி அவர்கள் வீட்டிலிருந்து எடுத்து வந்து நம் வீட்டுப் பரண்மேல் வைத்திருக்கிறாள். ராத்திரியில் அவளும் அம்மாவும் மாற்றி மாற்றி அங்கே படுக்கிறார்கள். அதற்கு மேல் இதில் எழுத எனக்குக் கை வரவில்லை.

கடிதத்தைத் தனி உறையில் அவன் பெயருக்கே அனுப்பு, எனக்கு அனுப்பும் உறையில் வைக்காதே. தபால்காரப் பெண்ணிடம் அவன் கையிலேயே கொடுக்கும்படி சொல்லி வைக்கிறேன். அதை அவனே பிரித்து அவன் கண்ணாலேயே படிக்கட்டும். எனக்கு இந்தி படிக்கத் தெரியாதது இந்த ஒரு தடவை நல்லதுதான், நான் நடுவில் நிற்க மாட்டேன். படித்துவிட்டு அவன் என்னைப் பார்த்து என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன்.

இன்னொன்று. காதும் காலும் போய் உன் வார்டில் படுத்திருக்கிற பிள்ளைகள் ஒரு நாள் சதவீதம் போட்ட காகிதத்தோடு ஊருக்குத் திரும்புவார்கள். கட்டுப் பிரிக்கும்போது ஒவ்வொருவனிடமும் சொல்லி அனுப்பு, அந்தக் காகிதத்தை மண்டபத்தில் பிரியாணி போடுகிறவனிடம் நீட்டாதே, நம்பரும் ரேங்கும் சரியாகச் சொன்னான் என்பதற்காக யாரையும் அதிகாரி என்று நம்பாதே, குரலைக் கேட்டு எழுந்து நிற்காதே என்று. அவர்கள் தமிழ்ப் பிள்ளைகளாக இல்லாவிட்டாலும் சொல்லு.

நீ எடுத்துக்கொண்ட வேலையும் உன் உடம்பும் குறைவில்லாமல் இருக்க அம்மா வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றுகிறாள், நானும் கூட நிற்கிறேன். கம்பளி உள்சட்டையைக் கழற்றாதே. இதை நினைத்து அழாதே, லீவு கேட்டு ஓடி வராதே, முதலில் அந்த இந்திக் கடிதத்தைத் தபாலில் போடு.

உன் மேல் உயிரான அப்பா,
வேதகிரி.

மடிக்கும்போது எழுதுகிறேன். விளக்கு வைத்தாகிவிட்டது. போன் அரிசிக்குள் அணைந்து கிடக்கிறது, அவனுக்கும் அது தெரியும். இருந்தாலும் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் விறைப்பாக நிற்கிறான், நம் சன்னலிலிருந்து தெரிகிறது. அவனை நிற்கவைத்தவர்கள் போய்விட்டார்கள், உட்காரச் சொல்லத்தான் யாரும் இல்லை. சீக்கிரம் எழுது அம்மா.